சின்ன வீடியோ ஸ்டூடியோ ஆரம்பிக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

நீ கேட்டது இதான்: "அக்கா, நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து சின்னதா ஒரு வீடியோ ஸ்டூடியோ ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். சொந்தமா தமிழ்ப் பாட்டு போடுறவங்க, பரதம் ஆடுறவங்க, குறும்படம் எடுக்குறவங்க, அப்புறம் இங்க சிங்கப்பூர்ல தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இருக்குற சின்னச் சின்னக் கடைங்க, இவங்களுக்குத்தான் வேலை செய்யணும்னு ஆசை. இதுல பொழப்பு ஓடுமா? தனியா இடம் எடுக்கணுமா? என்ன கேமரா வாங்கணும்? ஃப்ரெண்டு எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல இருக்கான், பார்ட்னரா சேர்த்துக்கலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், அதுல கோளாறு ஆச்சுன்னா மத்ததெல்லாம் பேசியே பிரயோஜனம் இல்ல. எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல, அதாவது வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்குற வேலை அனுமதியில, இருக்குறவரு அந்தப் பாஸ் எந்தக் கம்பெனி பேர்ல இருக்கோ அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் வேலை பார்க்கலாம். சனி ஞாயிறு கேமரா தூக்குறது, ராத்திரி எடிட் பண்ணிக் குடுத்து பேநவ்ல (போன்லயே பேங்குக்குப் பணம் அனுப்புற வழி) காசு வாங்குறது எல்லாம் சைட் வேலைதான், மனிதவள அமைச்சு (எம்ஓஎம்) அதை ஒத்துக்காது. "காசே வாங்கலையே, கூட இருந்து உதவிதானே செய்யுறேன்"ன்னு அவன் சொன்னா அதை நம்பி நீ இறங்காத, பாஸ் போனா போறது அவனோட பாஸு. எம்ஓஎம்கிட்ட எழுதிக் கேட்டு பதில் வாங்கிட்டு வரட்டும், அதுவரைக்கும் உன் பேர்ல மட்டும் ஆரம்பி. ஸ்டூடண்ட் பாஸ் பசங்களை அசிஸ்டன்ட்டா கூப்பிடுறதும் இதே மாதிரிதான், எல்லாருக்கும் பார்ட் டைம் அனுமதி கிடையாது, கேட்டுட்டுக் கூப்பிடு.

உனக்கு அக்ராவுல (தொழில் பதிவு பண்ற அரசு அமைப்பு) பதிவு பண்றது பெரிய விஷயமே இல்ல. அவங்க பிஸ்ஃபைல் வெப்சைட்ல போயி சோல் ப்ரொப்ரைட்டர்ஷிப் (ஒரே ஆள் பேர்ல தொழில்) எடுத்தா தொழில் பேரைப் பதிய 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வருஷப் பதிவுக்கு 100 வெள்ளி, ஆக 115. பிரைவேட் லிமிடெட்னா 315. முதல்ல 115ஐயே எடுன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ, சோல் ப்ரொப்ரைட்டர்னா கடன் கிடன், நஷ்ட ஈடுன்னு எது வந்தாலும் உன் சொந்தக் காசுல கை வைப்பாங்க. அதனால வாடகை லைட் ஸ்டாண்டு யார் தலையிலயாவது விழுந்தா தாங்குற மாதிரி ஒரு பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்து வச்சுக்கோ, மால்ல ஹால்ல எல்லாம் ஷூட்டுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைத்தான் கேப்பாங்க.

இப்ப பொழப்பு விஷயம். ஓடும், ஆனா நீ லிஸ்ட் போட்ட வரிசையில ஓடாது. பாடுறவங்க ஆடுறவங்க குறும்படக்காரங்க கையில பெருசா காசு இருக்காது, அவங்கள மட்டும் நம்பி ஸ்டூடியோ நடத்துறேன்னு போனா ஆறு மாசத்துல கேமராவை வித்துட்டு கிராப் டாக்ஸி ஓட்டப் போயிடுவ. சோறு போடப்போறது நகைக்கடை, புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, டியூஷன் சென்டர், பல் டாக்டர், இவங்கதான். அந்தக் காசை வச்சுத்தான் கலைஞர்களுக்கு குறைஞ்ச ரேட்டுல நல்லா செஞ்சு குடுக்க முடியும். ரெண்டுக்கும் ரெண்டு கணக்கு நோட்டு வச்சுக்கோ, நிஜமாவே ரெண்டு ஷீட்டு. இந்த மாசம் கடை வேலையில இவ்வளவு மிச்சம், அதுல இவ்வளவு கலைஞர் வேலைக்குப் போகலாம்னு தெரியணும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா, நல்ல மனசுல ஆரம்பிச்ச ஒரு மியூசிக் வீடியோ உன் ரெண்டு மாச வாடகையை முழுங்கிட்டுப் போனதே உனக்குத் தெரியாது.

ஒரு கடை வேலையைக் கணக்குப் போட்டுக் காட்டுறேன், கையால எழுதிப் பாரு. ஒன்றரை நிமிஷ வீடியோ ஒண்ணு, அதுலேர்ந்து போனுக்கு செங்குத்தா மூணு துண்டு, மொத்தம் 3,000 வெள்ளின்னு வச்சுக்கோ. ரெண்டாவது கேமரா ஆளுக்கு 350, சவுண்டு ஆளுக்கு 350, லைட்டு லென்ஸ் வாடகை 250, வண்டி சாப்பாடு 150, ஆச்சா 1,100. மிச்சம் 1,900. போயி பேசுறது அரை நாள், எழுதுறது ஒரு நாள், ஷூட் ஒரு நாள், எடிட் நாலு நாள், "இந்த இடத்துல எங்க மாமா முகம் தெரியல"ன்னு திருத்தம் ஒரு நாள், ஆக ஏழரை நாள் (ஏழரைன்னதும் சிரிக்காத). நாளுக்கு 250 வெள்ளி சொச்சம். அதுலேர்ந்து இன்ஷூரன்ஸ், சாஃப்ட்வேர் சந்தா, ஹார்ட் டிஸ்க் எல்லாம் போகணும், வருஷத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல நிகர வருமானம் வந்தா மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) வேற கட்டணும், சுயதொழில் பண்றவங்களுக்கு அது கட்டாயம். 3,000 வெள்ளின்னு கேக்கும்போது பெருசா இருக்கும், பிரிச்சுப் பார்த்தா இவ்வளவுதான். மாசத்துக்கு இந்த மாதிரி மூணு வேலை வந்தா பரவால்ல, ஒண்ணுதான் வருதுன்னா வேலையை விட்டுட்டு இதுல குதிக்காத.

கலைஞர்கிட்ட ஃப்ரீயா மட்டும் செய்யாத. இதை நான் பிடிவாதமாவே சொல்றேன். ஃப்ரீன்னா அவங்களும் ஷூட் தேதியை ரெண்டு தடவை மாத்துவாங்க, நீயும் எடிட்டை மூணு மாசம் தள்ளுவ, கடைசியில ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம்தான் மிச்சம். 800 வெள்ளியோ 1,000 வெள்ளியோ அவங்களால முடிஞ்சதை வாங்கு, ஆனா 3,000 வெள்ளி வேலையை 1,000 வெள்ளிக்குப் பண்ணாத, 1,000 வெள்ளிக்கு அடங்குற மாதிரி வேலையைச் சுருக்கு. ஒரே இடம், ஒரே கேமரா, அரை நாள் ஷூட், ரெண்டு நாள் எடிட், ரெண்டு திருத்தம், அதோட முடிஞ்சது. நல்ல பாட்டா இருந்தா ஒரே டேக்ல எடுத்த வீடியோவே போதும், இந்த மாதிரி கட்டுப்பாட்டுல செஞ்சதுதான் பல சமயம் நல்லாவும் வருது. இன்னொண்ணு, நேஷனல் ஆர்ட்ஸ் கவுன்சில்ல கிராண்ட் கேக்குற கலைஞர்னா அப்ளிகேஷன் போடும்போதே வீடியோ பதிவுக்குன்னு ஒரு வரி பட்ஜெட்ல சேர்க்கச் சொல்லு. முக்கால்வாசி பேர் நிகழ்ச்சிக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் உன்கிட்ட வருவாங்க, அப்ப கிராண்ட்ல அந்த வரியே இருக்காது, அவங்க சொந்தக் காசைத்தான் எடுக்கணும். அப்ளிகேஷன் அவங்க பேர்லதான் போகும், உன் வேலை ஒரு ஒழுங்கான கோட்டேஷனைச் சீக்கிரமாக் குடுக்குறது.

அடுத்தது உரிமை, இதை ரொம்பப் பேர் இன்னும் பழைய மாதிரியே நினைச்சுக்கிட்டிருக்காங்க. முன்னாடியெல்லாம் காசு குடுத்து ஒரு வீடியோ எடுக்கச் சொன்னா, வேற எதுவும் எழுதலைன்னா காப்பிரைட் காசு குடுத்தவங்களுக்குப் போயிடும். 2021ல புது காப்பிரைட் சட்டம் வந்துச்சு, நவம்பர் 21லேர்ந்து அமலுக்கு வந்ததும் அது தலைகீழாயிடுச்சு. இப்ப போட்டோவோ வீடியோவோ ஒலிப்பதிவோ, வெளியில ஆர்டர் குடுத்து செஞ்சதா இருந்தாலும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா முதல் உரிமை உருவாக்குனவங்களுக்குத்தான். சம்பளத்துக்கு வேலை செய்யுற ஆள் எடுத்தா மட்டும் அது முதலாளிக்கு. அதோட படைப்பை வெளியில காட்டும்போது உருவாக்குனவங்க பேர், நடிச்சவங்க பாடினவங்க பேர் போடணும்னும் அந்தச் சட்டத்துல ஒரு உரிமை சேர்த்திருக்காங்க.

இது உனக்கு சாதகமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு சும்மா இருந்துடாத. கடைக்காரர் என்ன நினைப்பாரு? "நான்தானே காசு குடுத்தேன், என் வீடியோ"ன்னுதான் நினைப்பாரு, நாளைக்கு அவரு அதை வெட்டி வேற ஏஜென்சிகிட்ட குடுத்து விளம்பரம் பண்ணும்போது நீ சட்டம் பேசினா அந்த ரோட்டுல உனக்கு அடுத்த வேலையே கிடைக்காது. அதனால கோட்டேஷன்லயே தெளிவா நாலு வரி எழுது. முடிஞ்ச வீடியோவை எங்கெங்க எவ்வளவு காலம் போடலாம், ரா ஃபுட்டேஜ் (எடிட் பண்ணாத மொத்தப் பதிவு) தருவோமா மாட்டோமா, தந்தா எவ்வளவு, எங்க வேலைன்னு நாங்க வெளியில காட்டிக்கலாமா. ரா ஃபுட்டேஜ் சண்டைதான் இருக்குறதுலயே அதிகம், வேலை முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு "அந்த மொத்த ஃபைலையும் ஒரு தம்ப் டிரைவ்ல போட்டுக் குடுங்க"ன்னு மெசேஜ் வரும். கலைஞர்னா நான் கொஞ்சம் தாராளமாவே இருப்பேன், அவங்க ஆடினது பாடினது அவங்க உடம்பு, அவங்க குரல், எங்க வேணா என்னைக்கு வேணா போட்டுக்கட்டும், பேர் மட்டும் போட்டா போதும்னு எழுதிக் குடுத்துடுவேன். கடைக்கு அந்தத் தாராளம் வேண்டாம்.

பாட்டு விஷயமும் இதுல வருது. கடைக்காரங்க பத்துல ஒம்போது பேர் ஒரு சினிமாப் பாட்டு பேரைச் சொல்லி "இதைப் பின்னாடி போட்டுடுங்க"ம்பாங்க. கச்சேரி மேடையில பாடுறதுக்கு காம்பஸ்ல (இங்க இசை உரிமையைப் பார்த்துக்குற அமைப்பு) லைசென்ஸ் எடுக்குறது ஒரு கதை, விளம்பர வீடியோவுல ஒரு பாட்டை ஒட்டுறது வேற கதை, அதுக்குப் பாட்டை எழுதினவங்க உரிமை தனி, ரெக்கார்டிங் உரிமை தனி, ரெண்டையும் வாங்கணும். சின்னக் கடை பட்ஜெட்ல அது நடக்காது. மீறிப் போட்டா யூடியூப்ல கிளெய்ம் வரும், இல்லன்னா சத்தமே இல்லாம ஓடும், இன்ஸ்டாவுல பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு அந்தப் பாட்டு பெரும்பாலும் வராது. இங்கதான் நீ ரெண்டு கூட்டத்துக்கும் வேலை செய்யுறது உனக்குக் கைகொடுக்கும். உனக்குத் தெரிஞ்ச பாட்டுப் போடுற தம்பிகிட்ட கடைக்குன்னு 30 செகண்ட் மியூசிக் கேளு, அவனுக்கு ஒரு தொகையைக் கடை பில்லுலேர்ந்தே குடு, இந்த விளம்பரத்துக்கு மட்டும், ஆன்லைன்ல மட்டும், ஒரு வருஷத்துக்குன்னு எழுதி வாங்கு. அடுத்த வருஷமும் வேணும்னா திரும்பக் காசு. கடைக்கு யாரும் கிளெய்ம் பண்ண முடியாத பாட்டு, அவனுக்கு வருமானம், உனக்கு அவன் பாட்டு வீடியோவைக் குறைச்ச ரேட்டுல செய்யுறதுல மனசு உறுத்தாது. கலைஞர்களுக்கு ஆதரவுன்னு நீ சொன்னியே, என்னைக் கேட்டா அது இதுதான், டிஸ்கவுன்ட் குடுக்குறதை விட வேலை வாங்கிக் குடுக்குறது பெருசு.

சரி, கேமரா. நீ எதிர்பார்க்குற மாதிரி மாடல் பேர் சொல்லப்போறதில்ல. இப்ப கடையில கிடைக்குற எந்த நடுத்தர விலை மிரர்லெஸ் பாடியும் போதும், பெனின்சுலா கடைத்தொகுதி பக்கம் போனா செகண்ட் ஹேண்ட்ல நல்லதாவே கிடைக்கும். பெரிய சினிமா கேமரா வேணும்னா அன்னைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து அந்தக் காசை பில்லுல போடு. சொந்தமா வாங்கவேண்டியது நல்ல காலர் மைக் ரெண்டு, ஒரு பூம் மைக், ஒரு நல்ல ட்ரைபாட், ரெண்டு எல்இடி லைட்டு. கேமராவுக்கு முன்னாடி டிரை கேபினெட் (ஈரம் ஏறாம வைக்குற அலமாரி) வாங்கு. நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு லென்ஸை பையிலயே வச்சிருந்தா பூஞ்சை பிடிக்கும், நாப்பது ஐம்பது சதவீதம் ஈரப்பதத்துல வச்சிருக்கணும். ஏர்கான் ரூம்லேர்ந்து நேரா வெளியில எடுத்துட்டுப் போனா லென்ஸ் முழுக்கப் பனி படியும், கால் மணி அரை மணி பையை மூடியபடி வெளியில வச்சுட்டு அப்புறம் திற. துணியால துடைச்சுக்கிட்டே இருந்தா போகாது.

நகைக்கடை ஷூட் ஒண்ணைச் சொல்றேன், ஏன்னா உன் முதல் பெரிய வேலை அனேகமா அதாத்தான் இருக்கும். சிராங்கூன் ரோட்டுல நகைக்கடைக்குள்ள போனா கவுண்ட்டருக்கு மேல மஞ்ச ஸ்பாட் லைட், மேல சீலிங்ல வெள்ளை பேனல் லைட், வாசல்ல வெளியிலேர்ந்து பகல் வெளிச்சம், மூணும் ஒரே ஃபிரேம்ல. இதுல 916 தங்கத்தை எடுத்தா ஒரு பக்கம் செம்பு மாதிரி சிவக்கும், ஒரு பக்கம் எலுமிச்சம்பழ மஞ்ச அடிக்கும், முதலாளி மானிட்டரைப் பார்த்ததும் "என்னம்மா இது, கவரிங் மாதிரி இருக்கு"ம்பாரு, அவரு சொல்றது சரிதான். முதல்ல கடைக்காரர்கிட்ட கேட்டு ஒரு வகை லைட்டை அணைக்கச் சொல்லு, பேனலை அணைச்சுட்டு ஸ்பாட்டை விடுறதுதான் எனக்குப் பிடிச்சது, நகை மின்னுறது அதுலதான். கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) நகை இருக்குற இடத்துலயே வச்சு ஒயிட் பேலன்ஸ் (நிறம் சரியா வர்ற அளவு) எடு, ஆட்டோவுல விட்டுடாத. கண்ணாடி கவுண்ட்டர்ல உன் உருவமும் ட்ரைபாடும் தெரியும், கறுப்புச் சட்டை போட்டுட்டுப் போ, ட்ரைபாடு மேல கறுப்புத் துணி போர்த்து, பிரதிபலிப்பைக் குறைக்குற போலரைசர் ஃபில்டர் மாட்டித் திருப்பிப் பாரு.

அப்புறம் ஃப்ளிக்கர், அதாவது லைட்டு துடிக்குறது வீடியோவுல தெரியுறது. சிங்கப்பூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்க யூடியூபருங்க சொல்றதைக் கேட்டு நொடிக்கு 24 ஃபிரேம்ல ஷட்டரை 60ல ஒண்ணுன்னு வச்சா பழைய டியூப் லைட்டு, மலிவு எல்இடி இருக்குற கடையில திரை முழுக்கப் பட்டை பட்டையா ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 50ல ஒண்ணு, இல்லன்னா 100ல ஒண்ணு, அப்படி வச்சிட்டா பெரும்பாலும் பிரச்சனை இருக்காது. கேமராவோட சின்ன ஸ்க்ரீன்ல இந்தப் பட்டை சரியாத் தெரியாது, அங்கயே ஒரு க்ளிப்பை லேப்டாப்ல போட்டுப் பார்த்துடு.

சாப்பாட்டுக் கடைக்கு ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், லஞ்ச் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலையில பத்து மணிக்குள்ள எடுத்து முடிச்சிடு, ஆவி தெரியணும்னா லைட்டைப் பின்னாடிலேர்ந்து அடி. ஹலால் சின்னம் போடச் சொன்னா மூயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கான்னு பார்த்துட்டுப் போடு, இல்லாம போடுறது குத்தம், "முதலாளி முஸ்லிம்தான்"ங்கறது சான்றிதழ் ஆகாது.

பரதம் எடுக்குறதுல கடைக்கு எடுக்குற பழக்கம் எதுவும் செல்லாது. கமர்ஷியல் எடுத்துப் பழகினவங்க ஆடும்போது முகத்துக்கு ஜூம் போவாங்க, ஃபிரேம்ல கால் அறுந்துடும். டீச்சர் வந்து முதல்ல பார்க்குறதே அரைமண்டி (முட்டியை மடிச்சு நிக்குற நிலை) தெரியுதா, பாதம் தெரியுதான்னுதான். நடுவுல ஒரு கேமராவை முழு உருவத்துக்கு, தலைக்கு மேலயும் பாதத்துக்குக் கீழயும் இடம் விட்டு, அசையாம வச்சிடு, அதைத் தொடாத. ரெண்டாவது கேமராவை அபிநயத்துக்கு (முகபாவம், கை முத்திரை) வச்சுக்கோ, பதம் வர்ணம் எல்லாம் வரும்போது கண்ணும் கையும் அதுலதான் பேசும். ஜதி (தாளச் சொல்லுக்கு ஆடுற பகுதி) நடக்கும்போது நடுவுல வெட்டாத, தீர்மானம் (ஜதியை முடிக்குற அடவு) முடிஞ்சு அவங்க நிக்குற இடத்துல வெட்டு, தாளம் தெரியாதுன்னா எடிட்டுக்கு டீச்சரை ஒரு மணி நேரம் பக்கத்துல உட்கார வை. ஒலிப்பதிவுப் பாட்டுக்கு ஆடினாலும் சலங்கைச் சத்தத்துக்கு மேடை ஓரத்துல தரைப் பக்கமா ஒரு மைக் தனியா வை, அது இல்லாட்டி வீடியோ ஊமையா இருக்கும். அப்புறம் அந்த ஒலிப்பதிவு சென்னையில ஆர்கெஸ்ட்ரா வச்சு எடுத்ததா இருக்கும், ஆன்லைன்ல போட பாடினவங்ககிட்ட சம்மதம் வாங்கிட்டாங்களான்னு ஷூட்டுக்கு முன்னாடியே கேட்டுக்கோ. பட்டுல சின்னச் சின்னக் கட்டம், நெருக்கமான கோடு இருந்தா திரையில அலை அலையா நெளியும், அதனால உடை எதுன்னு முதல்ல போட்டோ அனுப்பச் சொல்லு.

திரையில தமிழ் எழுத்து. இதை எழுதும்போதே எரிச்சல் வருது. எத்தனை வீடியோவுல "கொ"வைப் போட்டா கொம்பும் காலும் தனித்தனியா இடம் மாறி நிக்குது, பெரிய காசு செலவு பண்ண வேலையில கூட! ப்ரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எழுதுறன்னா ப்ரிஃபரன்சஸ்ல கிராஃபிக்ஸ்ங்கற இடத்துல டெக்ஸ்ட் எஞ்சின் இருக்கும், அதை சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்னு மாத்திட்டா எழுத்து ஒழுங்கா சேரும். ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம், கண்ட இடத்துலேர்ந்து எடுத்த ஃபான்ட்டை கடை வேலையில போடாத, அதுக்கும் லைசென்ஸ் இருக்கு. கடைப் பேரை நீயா டைப் பண்ணாத, அவங்க போர்டைப் போட்டோ எடுத்து அதுல எப்படி இருக்கோ அப்படி. அனுப்புறதுக்கு முன்னாடி தமிழ் நல்லா படிக்கத் தெரிஞ்ச வேற ஒருத்தர்கிட்ட போன்ல காட்டு, ஒற்றுப்பிழை எல்லாம் எடிட் பண்ணவங்க கண்ணுக்குத் தெரியாது. இங்க்லீஷ் சப்டைட்டிலை பாட்டு வீடியோவுக்குக் கண்டிப்பா போடு, இங்க வளர்ந்த பசங்களுக்குத் தமிழ் காதுல புரியும், படிக்கச் சொன்னா இங்க்லீஷ்தான் வேகமா வரும்.

இடம் எடுக்காத. முதல் வருஷம் வேண்டவே வேண்டாம். எடிட்டை வீட்டுல பண்ணு, ஹெச்டிபி வீட்டுல (அரசு அடுக்குமாடி வீடு) ஹோம் ஆஃபீஸ் திட்டத்துல அனுமதி வாங்கி செய்யலாம், வெளியாளுங்க ரெண்டு பேருக்கு மேல வச்சு வேலை வாங்க முடியாது, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது, அவ்வளவுதான். ஷூட்டுக்கு ஸ்டூடியோ மணிக்கணக்குல வாடகைக்குக் கிடைக்குது, உபி, காக்கி புக்கிட், தாய் செங் பக்கம் ஃபேக்டரி பில்டிங்ல நிறைய இருக்கு. போயி அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி நில்லு, ஏர்கான் கம்ப்ரஸர், பக்கத்து யூனிட் மெஷின், சரக்கு லிஃப்ட் எல்லாம் எவ்வளவு கேக்குதுன்னு தெரிஞ்சுடும், பேட்டி எடுக்குறதுக்கு அந்த இடம் ஆகுமா ஆகாதான்னு அப்பவே முடிவு பண்ணிடலாம். பின்னாடி நீயே யூனிட் எடுக்குற நிலைமை வந்தா, அந்தக் கட்டடத்துல இந்த உபயோகத்துக்கு அனுமதி இருக்கான்னு யுஆர்ஏல (நகர மறுசீரமைப்பு ஆணையம்) பார்த்துட்டு கையெழுத்துப் போடு, ஏஜென்ட் வாய்ச்சொல் வேண்டாம்.

வெளிப்புறத்துல எடுக்குறதுக்கு இடத்துக்கு ஒரு அனுமதி. புளோக் கீழ இருக்குற திறந்த தளம் (வாய்ட் டெக்)னா டவுன் கவுன்சில், பார்க்குன்னா தேசியப் பூங்காக் கழகம் (என்பார்க்ஸ்), எம்ஆர்டி ரயிலுக்குள்ளன்னா அந்த ரயில் நிறுவனம். கோயில்னா ஒவ்வொண்ணுக்கும் நிர்வாகம் வேற, சீனிவாசப் பெருமாள், மாரியம்மன், சிவன், வைரவிமட காளியம்மன் இந்த நாலும் இந்து அறக்கட்டளை வாரியத்துக்குக் கீழ வரும், வீரமாகாளியம்மன் அதுல இல்ல, அங்க தனியா கேக்கணும். ட்ரோன்னா 250 கிராமுக்கு மேல இருந்தாலே பதிவு பண்ணணும், விமான நிலையம், விமானப்படைத் தளத்துலேர்ந்து 5 கிலோமீட்டருக்குள்ள, இல்ல 200 அடிக்கு மேல பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தோட (சிஏஏஎஸ்) பெர்மிட் வேணும், இந்தச் சின்ன ஊர்ல 5 கிலோமீட்டர்னா பாதி இடம் போயிடும். காசுக்குப் பறக்கவிடுறது பொழுதுபோக்கு கணக்குல வராது, பெர்மிட் வச்சிருக்குற ஆளைக் கூப்பிட்டுக்கோ. குறும்படத்தை ஹால் பிடிச்சு பொதுமக்களுக்குப் போடுறதா இருந்தா ஊடகத்துறை ஆணையமான ஐஎம்டிஏகிட்ட வகைப்படுத்தல் (எந்த வயசுக்காரங்க பார்க்கலாம்ங்கற சான்று) வாங்கணும், டிக்கெட் அடிச்ச பிறகு இது ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல. வெயிலைப் பத்தி ஒண்ணு, நம்ம ஊர்ல மத்தியானம் சூரியன் உச்சந்தலையில நிக்கும், கண்ணுக்குக் கீழ பள்ளம் விழுந்த மாதிரி தெரியும், சாயங்கால வெளிச்சமும் ஏழு மணியைச் சுத்திக் கொஞ்ச நேரம்தான், பட்டுன்னு இருட்டிடும். டிசம்பர் ஜனவரியில மழைக்கு ஒரு மாத்து நாளை கோட்டேஷன்லயே எழுதி வை.

வருஷத்துல வேலை எப்ப வரும்னும் தெரிஞ்சுக்கோ. தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி கடைங்க எல்லாம் ஒரே நேரத்துல முழிக்கும், அப்ப வர்றதை எல்லாம் ஒத்துக்காத, ஆகஸ்ட்லயே நீயே போயி தேதி போடு. ஏப்ரல்ல தமிழ்மொழி விழா, சங்கங்க எல்லாம் நிகழ்ச்சி வைப்பாங்க, பதிவு வேலை வரும். நவம்பர்ல எஸ்பிளனேட் கலை அரங்கத்துல கலா உற்சவம்ங்கற இந்தியக் கலை விழா, ஆடுறவங்க பாடுறவங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க, கேமரா இல்லாம போயிப் பாரு, பேசு. ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, உன் கையும் காலியா இருக்கும், கலைஞர் வேலையை எல்லாம் அந்த மாசத்துக்கு ஒதுக்கு, ஆளும் வாடகைப் பொருளும் சுலபமா கிடைக்கும்.

காசு வசூல். பாதி டெபாசிட் வராம கேமரா பையைத் திறக்காத, ஷூட் முடிஞ்சதும் கொஞ்சம், வாட்டர்மார்க் போட்ட வீடியோவை அவங்க ஓகே சொன்னதும் மிச்சம், காசு வந்த பிறகுதான் வாட்டர்மார்க் இல்லாத ஃபைல். சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, கோயில்ல பார்க்குற ஆண்ட்டி, எல்லாருக்கும் இதே. தராம இழுத்தடிச்சா ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கிடையாது, நீயே பேசணும். அங்க பேசப்போறது உன் கோட்டேஷனும் அவங்க "ஓகே"ன்னு அனுப்பின மெசேஜும்தான், அதனால போன்ல பேசி முடிச்சதை எல்லாம் உடனே ரெண்டு வரி எழுதி அனுப்பிடு. நீ கூப்பிடுற சவுண்டு ஆளுக்கும் அசிஸ்டன்ட்டுக்கும் இதே மரியாதையைக் குடு, வேலை என்ன, எவ்வளவு, என்னைக்குக் காசுன்னு எழுத்துல. கடைக்காரர் குடுக்கலைன்னு அவங்களைக் காக்க வைக்காத, அவங்க உன்னைத்தான் நம்பி வந்தாங்க. பில்லுல 9 சதவீத ஜிஎஸ்டியைப் போட்டுடாத, பதிவு பண்ணாதவங்க அதை வாங்கக்கூடாது, வருஷ வியாபாரம் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டும்போது அந்தக் கவலைப்படலாம்.

ஃபைலை எவ்வளவு நாள் வச்சிருப்பன்னும் எழுதிடு. நொடிக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, ரெண்டு கேமரா, ஒரு நாள் ஷூட்டுன்னா கணக்குப் பண்ணிக்கோ, அதையும் ரெண்டு டிஸ்க்குல வேற வேற இடத்துல வைக்கணும். ஆறு மாசம் வச்சிருப்போம், அதுக்கு மேல வேணும்னா வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு வரி. கலைஞர்னா டிஸ்க் அவங்களையே வாங்கிட்டு வரச் சொல்லி மொத்தத்தையும் ஏத்திக் குடுத்துடு. பில்லு ரசீதெல்லாம் மட்டும் அழிச்சுடாத, வரி ஆணையமான ஐராஸுக்கு அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்.